அபர்டீன்: கார் இல்லாமல் நான்கு இரவு, ஐந்து நாள்

ஸ்காட்லாந்து போகும் நம்மவர்கள் பெரும்பாலும் எடின்பரோவில் இறங்குவார்கள், கோட்டையைப் பார்ப்பார்கள், நெஸ் ஏரிக்கு ஒரு வேன் பிடிப்பார்கள், ஸ்கை தீவில் படம் எடுத்துக்கொண்டு ஊர் திரும்புவார்கள். வடகிழக்கு மூலையில் கடலைப் பார்த்து நிற்கும் அபர்டீனுக்கு வருகிறவர்கள் எண்ணெய்க் கம்பெனி வேலைக்கோ படிப்புக்கோ வருகிறவர்கள்தான். அவர்களைப் பார்க்க வரும் அப்பா அம்மாவும் "இங்கே பார்க்க என்ன இருக்கு?" என்று கேட்டுவிட்டு மறுபடி எடின்பரோவுக்கே போய்விடுகிறார்கள். எனக்கு இது பெரிய வருத்தம். முதல்முறை வருகிறவர் கார் ஓட்டத் தெரியாவிட்டாலும், வயதான பெற்றோரைக் கூட்டிக்கொண்டு வந்தாலும், இந்த ஊரையும் சுற்றுப்புறத்தையும் நன்றாகப் பார்க்கலாம். அதற்கு எதை எந்த வரிசையில் செய்வது என்று சொல்கிறேன்.

முதலில் மாதத்தை முடிவு செய்யுங்கள்

விமான டிக்கெட் விலையைப் பார்ப்பதற்கு முன் சூரியனைப் பாருங்கள். அபர்டீன் 57 டிகிரி வடக்கில் இருக்கிறது. ஜூன் கடைசியில் காலை நாலேகாலுக்கெல்லாம் விடிந்து, இரவு பத்து மணிக்குத்தான் சூரியன் மறையும். டிசம்பரில் எட்டே முக்காலுக்கு விடிந்து மதியம் மூன்றரைக்கே இருட்டிவிடும். ஒரே ஊர், ஒரே செலவு, ஆனால் பார்க்கக் கிடைக்கும் நேரம் ஏறக்குறைய மூன்று மடங்கு வித்தியாசம். மே நடுவிலிருந்து செப்டம்பர் முதல் வாரம் வரை நல்ல காலம். எனக்குப் பிடித்தது ஜூன்.

ஒன்று மட்டும் தெரிந்து வாருங்கள். கோடையிலும் கடலிலிருந்து திடீரென்று பனிமூட்டம் ஏறி வரும். உள்ளூர்க்காரர்கள் அதை 'ஹார்' என்பார்கள். சூடான காற்று குளிர்ந்த வடகடலின் மேல் வந்து பட்டதும் உண்டாகிற மூட்டம் அது. கரையில் எதிரே நிற்கும் ஆள் தெரியாது. பத்துப் பதினைந்து கிலோமீட்டர் உள்ளே போனால் பளீரென்று வெயில் அடிக்கும். அதனால் கடற்கரைக்கு ஒரு நாள், உள்நாட்டுக்கு ஒரு நாள் என்று முன்கூட்டியே கட்டிப்போடாதீர்கள். காலையில் ஜன்னலைத் திறந்து பார்த்துவிட்டு இரண்டையும் மாற்றிக்கொள்ளும்படி வைத்திருங்கள்.

விசா, பயணம், அறை

இந்திய, இலங்கைக் கடவுச்சீட்டு உள்ளவர்களுக்கு பிரிட்டன் சுற்றுலா விசா வேண்டும். ஐரோப்பாவின் ஷெங்கன் விசா இங்கே செல்லாது. பயணத் தேதிக்கு மூன்று மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். கடைசி வாரம் வரை இழுக்காதீர்கள். சிங்கப்பூர், மலேசியக் கடவுச்சீட்டுக்கு விசா வேண்டாம், ஆனால் மின்னணுப் பயண அனுமதியை முன்னதாகவே இணையத்தில் எடுத்துவிட வேண்டும்.

லண்டனிலிருந்தோ ஆம்ஸ்டர்டாமிலிருந்தோ மாறி விமானத்திலேயே வந்து சேரலாம். விமான நிலையம் டைஸ் என்ற இடத்தில், நகரிலிருந்து சுமார் 11 கிலோமீட்டர், பேருந்து உண்டு. ஆனால் நேரம் இருந்தால் எடின்பரோவிலிருந்து ரயிலில் வாருங்கள் என்றுதான் சொல்வேன். சுமார் இரண்டரை மணி நேரம். ரயில் போகும் திசையில் வலப்பக்க ஜன்னலைப் பிடியுங்கள். முதலில் 1890-இல் திறந்த ஃபோர்த் பாலம். பிறகு டண்டீ வரும் முன் டே ஆற்றின் நீளமான பாலம். அதில் ஏறியதும் தண்ணீரை உற்றுப் பாருங்கள். பாலத்துக்கு ஒட்டினாற்போல் கல் அடித்தூண்களின் மிச்சங்கள் வரிசையாகத் தலைகாட்டும். 1879 டிசம்பர் 28 இரவு புயலில் இடிந்து, ஓடிக்கொண்டிருந்த ரயிலோடு ஆற்றில் விழுந்த பழைய பாலத்தின் தூண்கள் அவை. அந்த ரயிலில் இருந்த ஒருவரும் பிழைக்கவில்லை. அதற்கப்புறம் பல இடங்களில் தண்டவாளம் கடற்பாறைகளின் விளிம்பிலேயே ஓடும்.

அறையை ரயில் நிலையத்துக்கு நடக்கும் தூரத்தில் எடுங்கள். ரயில் நிலையம், பேருந்து நிலையம், வடதீவுகளுக்குப் போகும் கப்பல்துறை மூன்றும் பக்கம் பக்கமாக இருப்பது இந்த ஊரின் பெரிய வசதி. எண்ணெய்த் தொழிலுக்கு வந்து போகிறவர்கள் அதிகம் என்பதால் வார நாட்களில் அறை வாடகை ஏறியும் சனி, ஞாயிறில் இறங்கியும் இருக்கும். ஒற்றைப்படை ஆண்டுகளின் செப்டம்பரில் பெரிய எண்ணெய்த் துறைக் கண்காட்சி நடக்கும். அந்த வாரம் அறை தேடவே வேண்டாம்.

பெட்டியில் குடைக்குப் பதில் தலையை மூடும் மழைக்கோட்டு வையுங்கள். இங்கே அடிக்கிற காற்றில் குடை அரை நிமிடம் தாங்காது. தடித்த ஸ்வெட்டர் ஒன்றைவிட மெல்லிய துணி மூன்று அடுக்காகப் போடுவது நல்லது. ஒரே நாளில் நான்கு முறை கழற்றி மாட்ட வேண்டியிருக்கும். கையில் கிடைக்கும் பவுண்டு நோட்டில் ஸ்காட்லாந்து வங்கியின் பெயர் இருந்தால் பயப்பட வேண்டாம், நல்ல நோட்டுத்தான். ஆனால் லண்டன் திரும்பும் முன் செலவழித்துவிடுங்கள். அங்கே சில கடைகளில் வாங்கத் தயங்குவார்கள். பேருந்து, டீக்கடை எல்லா இடத்திலும் கார்டைத் தொட்டே பணம் கட்டலாம். குழாய்த் தண்ணீரை அப்படியே குடிக்கலாம்.

முதல் நாள்: கல்லைப் பாருங்கள்

வந்த அன்றைக்கு எந்த அருங்காட்சியகத்துக்கும் ஓட வேண்டாம். யூனியன் தெருவில் நடங்கள். 1800-களின் தொடக்கத்தில் மேடு பள்ளங்களுக்கு மேல் பாலம் கட்டிப் போட்ட நேர்த்தெரு இது. நடக்கும்போது பல இடங்களில் நீங்கள் தரையில் இல்லை, கீழே இன்னொரு தெரு ஓடுகிறது என்பதே தெரியாது.

நகரம் முழுக்க சாம்பல் நிறக் கருங்கல். மேகம் மூடிய நாளில் பார்த்தால் மனசு கொஞ்சம் சோர்ந்துதான் போகும். பலரும் அந்த ஒரு பார்வையில் ஊரை வெறுத்துவிட்டுப் போகிறார்கள். மழை விட்டு வெயில் வரும் வரை காத்திருங்கள். பிறகு ஏதாவது ஒரு சுவரின் பக்கத்தில் போய், கன்னத்தை ஒட்டி வைத்துப் பார்ப்பதுபோல் சாய்வாகப் பாருங்கள். கல்லுக்குள் ஊசிமுனை அளவில் ஆயிரம் புள்ளிகள் மின்னும். சின்ன வயதில் ஆற்று மணலில் பொறுக்கினோமே, காக்காப்பொன், அதேதான். விரலால் தடவினால் சொரசொரப்பு, கண்ணுக்கு வெள்ளி. 'வெள்ளி நகரம்' என்று இதைச் சொல்வது சும்மா இல்லை என்று அப்போது புரியும்.

இந்தக் கல்லில் ஏறக்குறைய பாதி ரூபிஸ்லா என்ற ஒரே குவாரியிலிருந்து வந்தது என்பார்கள். 1740-இல் வெட்டத் தொடங்கி 1971-இல் மூடும்போது சுமார் 140 மீட்டர் ஆழக் குழி. இப்போது தண்ணீர் நிரம்பி நிற்கிறது. இந்த ஊரின் கருங்கல் வேலையின் உச்சம் மாரிஷல் கல்லூரிக் கட்டடம். ஸ்பெயினின் எல் எஸ்கோரியல் அரண்மனைக்கு அடுத்து உலகத்தின் மிகப் பெரிய கருங்கல் கட்டடம் என்பார்கள். இன்று நகராட்சி அலுவலகம் அதில்தான் நடக்கிறது. எதிர்ப்பக்க நடைபாதையில் நின்று மேலே பாருங்கள்: கருங்கல்லை இவ்வளவு மெல்லிய ஊசிக் கோபுரங்களாகச் செதுக்கியிருப்பதைப் பார்த்தால், கோயில் சிற்பம் பார்த்து வளர்ந்த நமக்கு அந்த உழைப்பின் அளவு இன்னும் நன்றாகவே புரியும். கருங்கல் மாக்கல்லைப்போல் உளிக்கு இளகிக் கொடுக்காது.

பக்கத்திலேயே ஷிப்ரோ தெருவில் கடல்சார் அருங்காட்சியகம். நுழைவு இலவசம். மாடிகளைத் துளைத்துக்கொண்டு எழும் எண்ணெய்க் கிணற்று மேடையின் மாதிரியைப் பாருங்கள். உங்கள் பிள்ளை கடலில் இரண்டு வாரம், கரையில் இரண்டு வாரம் என்று வேலை செய்கிறவராக இருந்தால், அவர் எப்படிப்பட்ட இடத்தில் தூங்கி எழுகிறார் என்பது அதைப் பார்த்தால்தான் பெற்றோருக்கு விளங்கும். 1988 ஜூலை 6 அன்று பைப்பர் ஆல்ஃபா மேடை வெடித்து 167 பேர் இறந்தார்கள். அவர்களுக்கான நினைவிடம் ஹேசில்ஹெட் பூங்காவின் ரோஜாத் தோட்டத்தில் இருக்கிறது. இந்த ஊரின் சம்பாத்தியம் எதைக் கொடுத்து வந்தது என்பதற்கு அங்கே ஒரு கால் மணி நேரம் ஒதுக்குங்கள்.

இரண்டாம் நாள்: பழைய அபர்டீனும் டால்பின்களும்

காலையில் நகரப் பேருந்தில் பழைய அபர்டீன் போங்கள். 1495-இல் பிஷப் எல்ஃபின்ஸ்டன் தொடங்கிய கிங்ஸ் கல்லூரி அங்கே இருக்கிறது. தேவாலயத்தின் உச்சியில் கல்லில் செய்த கிரீடம். 1633 புயலில் விழுந்து திரும்பக் கட்டினார்கள். அங்கிருந்து உருளைக்கல் பாவிய தெருவில் பத்து நிமிடம் நடந்தால் செயின்ட் மக்கார் பேராலயம். உள்ளே போனதும் கூரையை அண்ணாந்து பாருங்கள். 1520 வாக்கில் செய்த மரக்கூரையில் 48 கேடயச் சின்னங்கள், மூன்று வரிசை. நடுவில் போப்பும் ஸ்காட்லாந்து ஆயர்களும், ஒரு பக்கம் ஐரோப்பிய மன்னர்கள், மறுபக்கம் ஸ்காட்லாந்து மன்னரும் பிரபுக்களும். அன்றைய உலக அரசியலை ஒரு கூரையில் படித்துவிடலாம். பிறகு சீட்டன் பூங்கா வழியே டான் ஆற்றங்கரையில் நடந்தால் பால்கவுனி பாலம், பதினான்காம் நூற்றாண்டுக் கல் வளைவு. பெரியவர்களோடு போகிறவர்கள் கவனிக்க: பூங்காவிலிருந்து ஏறும் இடங்களில் சரிவு இருக்கிறது.

மதியத்துக்கு மேல் டோரி. இதற்காகத்தான் நான் யாரையும் இந்த ஊருக்குக் கூப்பிடுகிறேன்.

டீ ஆறு கடலில் கலக்கும் இடத்தில்தான் துறைமுகத்தின் வாய் இருக்கிறது. 1136 முதல் இயங்கும் துறைமுகம். தென்கரை மேட்டில் பழைய பீரங்கித் தளம், டோரி பேட்டரி. அந்தச் சுவரருகே நின்று கீழே பார்த்தால், படகோ பணமோ தேவையில்லை, டால்பின்கள் கண்முன்னே வேட்டையாடும். சால்மன் மீன் ஆற்றுக்குள் ஏற அந்தக் குறுகிய வாயில் வழியாகத்தான் வந்தாக வேண்டும் என்பது அவற்றுக்குத் தெரியும். வருடம் முழுக்க வரும் என்றாலும் ஏப்ரலிலிருந்து ஆகஸ்ட் வரை வாய்ப்பு அதிகம். குளிர்ந்த கடலில் வாழ்வதால் இவை வெப்பக்கடல் உறவுகளைவிடப் பருமன். நான்கு மீட்டர் நீளம் வரை வளரும்.

பார்க்கும் முறை இது: அலையையே வெறித்துப் பார்க்காதீர்கள். கடற்பறவைகள் ஒரே இடத்தில் கூடி மேலும் கீழும் பாய்கின்றனவா என்று பாருங்கள். அதற்குக் கீழேதான் மீன், மீனுக்குக் கீழே டால்பின். குறைந்தது ஒரு மணி நேரம் கொடுங்கள். நான் முதல்முறை போனபோது நாற்பது நிமிடம் ஒன்றுமே இல்லை. கை விறைத்து, திரும்பி நடக்கத் தொடங்கிய நேரத்தில் பின்னால் 'புஸ்' என்று மூச்சு விடும் சத்தம். திரும்பினால் மூன்று முதுகுகள், ஈரக் கருப்பு ரப்பர்போல, உள்ளே வரும் ஒரு சிறு கப்பலுக்கு முன்னால். மூச்சு விடும் சத்தம் அவ்வளவு தெளிவாகக் கேட்கும் என்று யாரும் எனக்குச் சொல்லியிருக்கவில்லை.

நேர் எதிர்க்கரையில் தெரிகிற சின்னச் சின்ன வீடுகள்தான் ஃபுட்டீ. ஊர்க்காரர் வாயில் அது 'ஃபிட்டி'. மீனவர்களுக்காக 1809 வாக்கில் அமைத்த குடியிருப்பு. வீடுகள் கடலுக்கு முதுகைக் காட்டி, உள்முற்றத்தைப் பார்த்து நிற்கும். கடலிலேயே பிழைக்கிறவர்கள் ஏன் கடலைப் பார்த்து ஜன்னல் வைக்கவில்லை என்று கேட்டால், ஒரு குளிர்காலக் காற்றில் அங்கே நின்று பாருங்கள், பதில் கிடைக்கும். முற்றத்தில் வலை, கயிறு வைத்த கொட்டகைகளை ஒவ்வொருவரும் தம் விருப்பப்படி அலங்கரித்திருப்பார்கள். அவை மக்கள் குடியிருக்கும் வீடுகள். ஜன்னலுக்குள் கேமராவை நீட்டாதீர்கள்.

மூன்றாம் நாள்: டன்னாட்டர்

ரயிலில் தெற்கே இருபது நிமிடத்துக்குள் ஸ்டோன்ஹேவன். நிலையத்திலிருந்து துறைமுகத்துக்கு நடந்து, அங்கிருந்து பாறை விளிம்புப் பாதையில் முக்கால் மணி நேரம் போனால், மூன்று பக்கமும் கடல் சூழ்ந்த ஒற்றைப் பாறையின் மேல் டன்னாட்டர் கோட்டை. கோட்டைக்குள் நுழைய ஏராளமான படிகள் இறங்கி, மறுபடி ஏற வேண்டும். முழங்கால் வலி உள்ளவர்கள் இறங்க வேண்டாம். எதிர் மேட்டில் உட்கார்ந்து பார்க்கும் காட்சியே முழுக் காட்சி. காற்று பலமாக இருந்தால் கோட்டையை மூடிவிடுவார்கள், புறப்படும் முன் இணையத்தில் பார்த்துக்கொள்ளுங்கள்.

இந்தக் கோட்டையை வெறும் இடிபாடாகப் பார்க்கக்கூடாது. 1651-இல், இங்கிலாந்தில் மன்னராட்சியை ஒழித்த தளபதி குரோம்வெல்லின் படை ஸ்காட்லாந்தை வளைத்தபோது, அரச கிரீடம், வாள், செங்கோல் மூன்றையும் இங்கேதான் ஒளித்து வைத்தார்கள். எட்டு மாதம் முற்றுகை. கோட்டை விழும் முன் அவற்றை வெளியே கடத்தி, தெற்கே கினெஃப் என்ற சிற்றூர்த் தேவாலயத்தின் தரைக்கடியில் புதைத்துக் காப்பாற்றினார்கள். அதில் பாதிரியாரின் மனைவி கிறிஸ்டியன் கிரெய்ஞ்சருக்குப் பெரிய பங்கு. 1660-இல் மன்னராட்சி திரும்பும் வரை ஊர் வாயைத் திறக்கவில்லை. எடின்பரோ கோட்டையில் கண்ணாடிக்குள் பார்க்கும் அதே கிரீடம்தான். டன்னாட்டரின் ஒரு நிலவறையில் 1685-இல், மன்னரின் மத ஆணையை ஏற்க மறுத்த 167 ஆண்களையும் பெண்களையும் அடைத்து வைத்தார்கள். ஒரு ஜன்னல், கடலைப் பார்த்து. உள்ளே நின்றால் பேச்சு தானாகக் குறைந்துவிடும்.

திரும்பும்போது துறைமுகத்தில் மீன் வறுவலும் உருளைக்கிழங்கும் சாப்பிடுங்கள். இந்தப் பக்கம் 'ஹேடக்' மீன்தான் கேட்க வேண்டும். கோடையானால் 1934-இல் திறந்த நீச்சல்குளமும் உண்டு: திறந்தவெளி, சூடேற்றிய கடல்நீர்.

நான்காம் நாள்: டீ ஆற்றோடு மலைக்கு

பேருந்து நிலையத்தில் 201 எண் பேருந்து. ஆற்றைப் பிடித்துக்கொண்டே பாங்கரி, பாலட்டர் வழியாக பிரேமார் வரை போகும். முழுதும் போக இரண்டு மணி நேரத்துக்கு மேல். எல்லா வண்டியும் கடைசி வரை போகாது. ஏறும்போதே ஓட்டுநரிடம் "திரும்பிவரக் கடைசி வண்டி எத்தனை மணிக்கு?" என்று கேட்டுவிடுங்கள். நாள் சுருக்கமாக வேண்டுமென்றால் கிராத்ஸ் கோட்டையில் இறங்குங்கள். உள்ளே பலகைக் கூரைகளில் நானூறு வருட ஓவியங்கள், வெளியே அருமையான தோட்டம். நீளமாக வேண்டுமென்றால் கிராத்தியில் இறங்கினால் பால்மோரல். 1852-இல் விக்டோரியா அரசியின் கணவர் ஆல்பர்ட் இந்த எஸ்டேட்டை வாங்கி, பிறகு இப்போதுள்ள மாளிகையைக் கட்டினார். எலிசபெத் அரசி 2022 செப்டம்பர் 8 அன்று காலமானதும் இங்கேதான். அரச குடும்பம் வரும் முன், வசந்தத்திலும் கோடையிலும் சில மாதங்கள் மட்டுமே திறப்பார்கள். செப்டம்பர் முதல் சனிக்கிழமை பிரேமாரில் மலைநாட்டு விளையாட்டு விழா. அதற்கு டிக்கெட் மாதக்கணக்கில் முன்பே எடுக்க வேண்டும்.

ஸ்காட்லாந்தில் பொறுப்போடு நடந்துகொண்டால் பெரும்பாலான நிலங்களில் நடக்க 2003 சட்டம் உரிமை தருகிறது. வேலிக்கதவைத் திறந்தால் திரும்ப மூடுங்கள். புதர்க்காட்டில் நடந்து வந்தால் இரவு காலில் உண்ணி ஒட்டியிருக்கிறதா என்று பாருங்கள். இங்கே அதனால் நோய் வரும்.

ஐந்தாம் நாள்: நமக்கென்று ஒரு ஊர்

ஓக்கன்பிளே என்ற சிற்றூரை எந்தச் சுற்றுலாக் கையேடும் உங்களுக்குச் சொல்லாது. ரயிலில் லாரன்ஸ்கர்க் போய், அங்கிருந்து டாக்சி பிடிக்க வேண்டும். 1835-இல் இந்தப் பக்கத்தில் பிறந்த ஜேம்ஸ் டெய்லர், பதினேழு வயது வாக்கில் இலங்கைக்குக் கப்பலேறி, 1867-இல் கண்டி அருகே லூல்கந்துர தோட்டத்தில் 19 ஏக்கரில் தேயிலை நட்டார். இலங்கைத் தேயிலைத் தொழிலின் தொடக்கம் அது. அந்தத் தோட்டங்களில் கூடை சுமந்தவர்கள் தமிழ்நாட்டிலிருந்து நடத்திக் கூட்டிப்போன நம் மக்கள். இன்றைய மலையகத் தமிழர்களின் முன்னோர். அவர்கள் பட்ட பாட்டை நினைக்காமல் என்னால் அந்த ஊர்ச் சரிவுகளைப் பார்க்க முடியவில்லை. பார்லி வயல், ஆட்டு மந்தை, அமைதியான ஒற்றைத் தெரு. இங்கிருந்து கிளம்பிய ஒரு பையனின் வாழ்க்கை நுவரெலியாவிலும் ஹட்டனிலும் எத்தனை லயன் வரிசைகளோடு, தோட்டத் தொழிலாளர்களின் அந்த ஒட்டு வீடுகளோடு, பின்னிப்போனது! மலையகக் குடும்பத்தினர் யாராவது ஸ்காட்லாந்து வந்தால் ஓர் அரை நாள் ஒதுக்குங்கள்.

அது வேண்டாம் என்றால் வடக்கே நியூபரோ கடற்கரை. ஆற்றின் எதிர்க்கரை மணலில் நூற்றுக்கணக்கில் கடல்நாய்கள் படுத்திருக்கும். இக்கரையிலிருந்தே பாருங்கள், நெருங்கித் துரத்துவது சட்டப்படி குற்றம். நாள் முழுக்க மழையென்றால் டத்தி பூங்காவின் கண்ணாடிக் கூடத்தில் கள்ளிச்செடிகளுக்கு நடுவே கதகதப்பாக உட்காரலாம், இலவசம்.

சாப்பாடு, பேச்சு

காலையில் பேக்கரியில் 'பட்டரி' கேளுங்கள். 'ரோயி' என்றும் சொல்வார்கள். தட்டையாக, உப்பாக, அடுக்கடுக்காக இருக்கும். மீனவர்கள் கடலுக்குக் கட்டிக்கொண்டு போன பண்டம். ஆனால் சைவர்களுக்கு எச்சரிக்கை: பன்றிக் கொழுப்பு சேர்ப்பதுதான் பழைய முறை. விசாரித்து வாங்குங்கள். சைவர்களுக்கு மக்கரோனி பை கைகொடுக்கலாம், அதையும் கேட்டுவிட்டே வாங்குங்கள். அசைவர்கள் புகையிட்ட ஹேடக், உருளைக்கிழங்கு, பால் சேர்த்துக் காய்ச்சும் 'கலன் ஸ்கிங்க்' சூப்பைத் தவறவிடாதீர்கள். குளிரில் நடந்து வந்தவுடன் குடிக்க வேண்டும்.

இங்கே பேசுவது டோரிக் வழக்கு. 'வ' ஒலியில் தொடங்கும் ஆங்கிலக் கேள்விச் சொற்கள் இங்கே 'ஃப' ஆகிவிடும். "ஃபிட் லைக்?" என்றால் எப்படி இருக்கீங்க என்று அர்த்தம். "நே பேட்" என்று சொல்லிப் பாருங்கள். கடைக்காரர் முகம் மலர்ந்து, அடுத்த பேருந்து எங்கே நிற்கும் என்பது வரை தானாகச் சொல்வார்.

கடைசி மாலை ஃபுட்டீ முனைக்குப் போங்கள். ஷெட்லாந்துக்குப் போகும் கப்பல் சாயங்காலம் இந்த வாயில் வழியாகத்தான் வெளியேறும்; புறப்படும் நேரம் நாளுக்கு நாள் மாறும் என்பதால் அன்றைய அட்டவணையைப் பார்த்துக்கொள்ளுங்கள். அரை மணி முன்பே போய், சுவரோரம் காற்றுக்கு மறைவாக ஓர் இடம் பிடித்துவிடுங்கள்.